நான் வெட்டிய சதுரங்கள்

ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, மறுபக்கம் வெள்ளையாக இருக்கும் தாளை யாராவது கசக்கிக் குப்பையில் போட்டால் எனக்கு வயிறு எரியும். புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் இருபது வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். ஒரு கடிதத்தில் ஓர் எழுத்து தப்பினாலும் மறுபடி பிரிண்ட் எடுப்பார்கள். தப்பிப் போன தாள்களை மேலாளரிடம் சொல்லிவிட்டு நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன். மளிகைச் சாமான் பட்டியல் எழுதுவது, மார்கழிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்ப்பது, பலகாரத்துக்கு எண்ணெய் ஒற்றுவது, எல்லாம் அதில்தான். வீட்டில் ஒரு பரண் நிறைய சேர்ந்துவிட்டது. "ஒங்கக்காளுக்குப் பாடை கட்ட மூங்கி வேணாம், இந்தத் தாளே போதும்" என்று என் வீட்டுக்காரர் என் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தங்கைக்குத்தான் போன வருடம் கை ஒடிந்தது. என்னைவிட ஏழு வயது இளையவள். விராலிமலையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தாள். ஜாக்கெட் தைப்பதில் அந்தப் பக்கம் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணம் என்றால் பொண்ணு வீட்டார் மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் அவளிடம் தேதி கேட்டுவிட்டுப் போவார்கள். ஸ்கூட்டியில் மெயின் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் ஜல்லியில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைப் பிரித்துப் பார்த்தால் விரல்கள் மடங்கவில்லை. புருஷன் சவூதியில் லாரி ஓட்டுகிறார், மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். தனியாகக் கிடந்து என்ன செய்வாள்? திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம். நான் போய் அழைத்து வந்துவிட்டேன்.

வந்த முதல் நாள் மத்தியானம் அவள் சாப்பிட்ட விதம்தான் என்னை உலுக்கிவிட்டது. சோற்றைப் பிசைய விரல் கூடவில்லை. ஸ்பூனை இடது கையில் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். "இங்கிட்டுத் திரும்பி ஒக்காரேன்டி, நாங்க என்ன வேத்து ஆளா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்க்கா" என்றாள். எதற்கெடுத்தாலும் இருக்கட்டும்க்கா. ஃபேன் போடவா, இருக்கட்டும்க்கா. இன்னொரு தோசை, இருக்கட்டும்க்கா. சின்ன வயதில் ஒரு பலூனுக்காக விராலிமலைத் தேரடியில் புரண்டு அழுதவள் இவள்தானா என்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நல்ல பொறுமைசாலி. பந்து அமுக்குவது, துணி காயப்போடும் கிளிப்பை அழுத்துவது எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். இவள் தையல்காரி என்று தெரிந்ததும், "அப்ப பந்து மட்டும் பத்தாதுங்க. பேப்பர் மடிச்சுப் பழகுங்க. ஜப்பான்காரங்க ஒரிகாமின்னு கொக்கு, பூவெல்லாம் செய்வாங்கள்ல, அது. கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் சேந்து கிள்ளிப் புடிக்கணும், நகத்தால நீவணும். ஊசி புடிக்கிறதுக்கு இதுதாங்க சரியான பழக்கம்" என்றாள். கொக்கு மடிக்கும் வீடியோ ஒன்றையும் போனில் அனுப்பிவிட்டாள். கிளம்பும்போது என்னிடம், "பேப்பர் மட்டும் பாத்து வாங்குங்கக்கா. மெலிசா இருக்கணும், ஆனா கிழியக் கூடாது. ஒரு சாணுக்குக் கொறையாம, சரியான சதுரமா இருக்கணும்" என்றாள்.

நான் வாங்காமல் இல்லை. அன்றைக்கே கீழராஜ வீதியில் இறங்கி ஒரு ஸ்டேஷனரிக் கடையில் கேட்டு வாங்கினேன். ஒரு பக்கம் கலர், மறுபக்கம் வெள்ளை, நூறு தாள். தடவிப் பார்த்தால் அவ்வளவு வழுவழுப்பு. வீட்டுக்கு வந்து என்ன செய்தேன்? பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இதுதான் என் புத்தி. பள்ளிக்கூடத்தில் ரஃப் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஃபேர் நோட்டில் எழுத விடுவார்கள், அல்லவா? அது ரத்தத்தில் ஊறிவிட்டது. முதலில் பழைய தாளில் பழகட்டும், கை வந்ததும் நல்லதை எடுத்துக் கொடுப்போம், முதலிலேயே கொடுத்தால் நூறும் வீணாகிவிடுமே என்று கணக்குப் போட்டேன். அவளிடம் பாக்கெட் வாங்கியதையே சொல்லவில்லை.

பரணிலிருந்து ஒரு கட்டு தாளை இறக்கினேன். ஒவ்வொன்றையும் நாலாக மடித்து, காய்கறி அரியும் கத்தியால் கிழித்து, நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தைக் கண் திட்டத்தில் கத்தரித்தேன். ஒரு தாளுக்கு நாலு சதுரம். ஐம்பது தாளுக்கு இருநூறு. உள்ளங்கை அகலம்தான் இருந்தது ஒவ்வொன்றும். ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, அவள் முன்னால் வைத்து, "இந்தாடி, ஆயுசுக்கும் மடி" என்றேன். எனக்கு ஒரே பெருமை. அவள் ஒரு துண்டை எடுத்து, மூலைக்கு மூலை சேர்த்துப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மடிக்க ஆரம்பித்தாள்.

கொக்கு வரவில்லை. இரண்டு இறக்கையும் சேராது, ஒன்று நீண்டு ஒன்று குட்டையாக நிற்கும். கழுத்தை உருவும் இடம் வரும்போது தாள் தடித்துப் போய் விரலுக்கு அடங்காது. கழுத்து வந்தால் மூக்கு வராது. அந்தச் சின்னத் துண்டை மரத்துப் போன விரலால் அவள் கிள்ளுகிற கிள்ளலைப் பார்த்தால் எனக்கே விரல் வலிக்கும். சாயங்காலம் நான் வேலை விட்டு வரும்போது டப்பா பக்கத்தில் ஏழெட்டுக் கசங்கல் கிடக்கும். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "சித்தன்னவாசல் கொகையில மேக்கூரையில எழுதி வச்ச வாத்து, ஆயிரம் வருசம் ஆகியும் வாத்துன்னு தெரியுது. இது என்னம்மா, கொக்கா, கோழியா?" என்பார். அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அந்தக் கசங்கலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான் விடுவேனா? தாளை மாற்றினேன். எனக்கு ஒரு நியாயம் தோன்றியது. கெட்டி மாவைப் பிசைந்தால்தானே கைக்கு வலு வரும், அதுபோலக் கெட்டித் தாளை மடித்தால் விரலுக்கு வலு வரும் என்று. நகைக் கடையில் கொடுத்த பெரிய மாதக் காலண்டரில் பழைய மாதங்களைக் கிழித்துக் கொடுத்தேன். பளபளவென்று இருந்தது. மடித்த இடத்தில் எல்லாம் மேல்பூச்சு வெடித்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. நாலாவது மடிப்பில் தாள் குதித்துத் திறந்துகொண்டது. சரி, மெலிசாகக் கொடுப்போம் என்று செய்தித்தாளைக் கொடுத்தேன். அது ஐப்பசி மாதம், நாலு நாளாக மழை விடவில்லை. செய்தித்தாள் ஈரக்காற்றில் நமத்துப் போய், நகத்தால் நீவினால் கோடே நிற்கவில்லை. கழுத்தை உருவும்போது கிழிந்தது. மறுபடி என் பரண் தாளையே இன்னொரு கட்டு இறக்கி வெட்டிக் கொடுத்தேன். இத்தனையிலும் பீரோவைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் மேல் எனக்குக் கோபமும் வந்தது. அதை மறைத்து என்ன பிரயோசனம்? மனசு வைத்து மடிக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே ஏனோதானோ என்று செய்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு மூன்று தடவை வாய்விட்டும் சொன்னேன். "ஆமாக்கா, கைதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்பாள். தன் கையை யாரோ அடங்காத பிள்ளை மாதிரி மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பெண் விரல் விரலாக ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துக் கோணம் பார்த்தாள். ஒரு சின்னக் கருவியைக் கிள்ளிப் பிடிக்கச் சொன்னாள். நிமிர்ந்து சிரித்து, "ரொம்ப நல்லா வந்திருக்குங்க. போன மாசம் இருந்ததுக்கு இப்ப எவ்வளவோ தேவல. இப்படியே போனா மிஷின்ல ஒக்காந்துரலாம்" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்து போய்விட்டது. தங்கை முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்ன மாதிரி தலையை ஆட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள், "அக்கா, மிஷினக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

"எந்த மிஷின?"

"என்ட்ட வேலை கத்துக்கிட்ட புள்ள ஒண்ணு, இலுப்பூர்ல கட போடப் போகுதாம். கேட்டுச்சு. வெள்ளிக்கெழம வண்டி கொண்டாந்து ஏத்திக்கிறேன்னுச்சு. சரின்னுட்டேன்."

"இப்பத்தானேடி அந்தப் பொண்ணு சொல்லுச்சு, கை நல்லா வந்திருக்குன்னு!"

"அது அளவுகோல வச்சுச் சொல்லுது. ஒரு காயிதத்த மடிக்க முடியலக்கா. ரெண்டு மாசமா ஒரு காயிதம். இந்தக் கைய வச்சுக்கிட்டு ஒருத்தவங்க பட்டுத் துணிய வாங்கி நான் கத்திரி போடலாமா? பாழாக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

பஸ் என்று கூடப் பார்க்காமல் கத்தினேன். நாற்பத்தொரு வயதில் வேலையை விட்டுவிட்டு என்னடி செய்யப்போகிறாய், சுவரைப் பார்த்து உட்காரப் போகிறாயா என்று கேட்டேன். முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேரையூர் நாகநாதர் கோயிலில் வேண்டிக்கொண்டு பதினாறு வயதில் மிஷின் மிதிக்க ஆரம்பித்தவள். அந்த மிஷின் போய்விட்டால் இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பத்துக் கொக்கு மடித்து அவள் தலையணை மேல் வரிசையாக வைக்கிறேன், வந்து பார்த்து வெட்கப்படட்டும், முயற்சி செய்தால் வரும் என்று தெரியட்டும் என்று வீறாப்பாகப் பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வீடியோவைப் போட்டேன்.

முதல் கொக்கு இறக்கை சேரவில்லை. கவனிக்காமல் மடித்துவிட்டேன் என்று இரண்டாவது எடுத்தேன். அதுவும் சேரவில்லை. மூன்றாவதில் கழுத்து உருவும் இடத்தில் தாள் பிதுங்கிக்கொண்டு நின்றது. என் விரலுக்கு என்ன கேடு? இருபது வருடமாக ஃபைல் கட்டுகிற விரல். ஐந்தாவதும் கெட்டபோது எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு துண்டை எடுத்து மூலைக்கு மூலை மடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் நீட்டியது. ஸ்கேலைக் கொண்டுவந்து வைத்தேன். அடியாத்தி! ஒன்றாவது சதுரம் இல்லை. டப்பா முழுக்கக் கோணல். முதல் மடிப்பில் ஒரு நூல் தப்பினால் கடைசி மடிப்பில் ஒரு விரல்கடை தப்புகிறது. அதோடு தடித்த தாள், கைக்குள் அடங்கிப் போகிற அளவு. நல்ல கைக்கே வராதது ஒடிந்த கைக்கு எப்படி வரும்?

பீரோவைத் திறந்தேன். பாக்கெட்டைக் கிழித்தேன். நீலத்தில் ஒரு தாளை எடுத்து மடித்தேன். மூலைகள் தாமாகப் போய் ஒட்டிக்கொண்டன. ஒருமுறை நீவினால் கோடு நின்றது. கழுத்து சொல்லாமலே வந்தது. முதல் தடவையிலேயே கொக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம். ஒரு மனுஷி தன் கை செத்துவிட்டது என்று நம்புகிற அளவுக்கு நான் அவளிடம் குப்பையைக் கொடுத்திருக்கிறேன்.

அவள் வந்துவிட்டாள். நெற்றியில் குங்குமத்தோடு வாசலில் நின்று, தரையில் கிடந்த ஐந்து கசங்கலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எனக்கும் வரலடி" என்றேன். "தாளு கோணல். நான் வெட்டுன லட்சணம். நல்ல தாளு பீரோக்குள்ள இருந்துச்சு, ஒனக்குக் குடுக்காம பூட்டி வச்சிருந்தேன். ஒங்கையில ஒண்ணும் இல்லடி. எல்லாம் என்னாலதான்."

அவள் பதறுவாள், அழுவாள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தாளு கோணல்னு எனக்குத் தெரியும்க்கா" என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"மொத நாளே. மூல சேத்துப் பாத்தேன்ல. இருவத்தஞ்சு வருசமா துணி வெட்டுறவளுக்கு ஒரு நூலு தப்புனா தெரியாதா? அப்புறம் அந்தத் தாளுக்கும் துணி மாதிரி ஒரு வாட்டம் இருக்கு. நீளவாட்டத்துல மடிச்சா நேரா மடங்குது, குறுக்க மடிச்சா முரண்டு பண்ணுது. பெரிசா இருந்தா தெரியாது, சின்னதுல தெரியும். நோட்டுக்கு அட்ட போடுற பிரவுன் ஷீட்ல ஒரு சாண் சதுரம் வெட்டுனா நல்லா வரும்னுகூட நெனச்சேன்."

"நெனச்சவ ஏன்டி வாயத் தொறக்கல?"

"சொல்ல வந்தேன். ரெண்டாம் நாளு. தாளு சரியில்லியோன்னு ஆரம்பிச்சேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லிட்டு நீ குளிக்கப் போயிட்ட."

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக நினைவில்லை. எந்த அவசரத்தில் சொன்னேனோ, வாயில் வருகிற நூறு பழமொழியில் ஒன்றாகச் சொல்லியிருப்பேன். அவள் அதை இரண்டு மாதம் வைத்திருந்திருக்கிறாள்.

"அதுக்காக?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற, தலைய வாரிவிடுற, உள்பாவாட முடிச்சுகூட நீதான் போட்டுவிட்ட. ஒன் வீட்டுல ஒக்காந்து ஒன் சோத்தத் தின்னுக்கிட்டு, நீ ஆசையா வெட்டிக் குடுத்த தாளு கோணல்னு சொல்ல முடியுமாக்கா? மனசு வச்சு மடிக்கலன்னு நீ சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. தாளு சரிதான், கைதான் போச்சுன்னு."

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. முதுகில் ஒன்று வைக்கவும் வைத்தேன். பிறகு அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன். "நானும் ஒரு வயித்துல பொறந்தவதானேடி, என்ட்டயே விருந்தாளி மாதிரி இருந்திருக்கியே" என்றேன். அவளுக்கும் கண் நிறைந்தது.

பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை இழுத்துக் கொடுத்தேன். மடித்தாள். எனக்கு இரண்டு நிமிடம் ஆனது அவளுக்குக் கால் மணி ஆனது. கட்டை விரல் இரண்டு இடத்தில் நழுவியது. மூக்கைக் கிள்ளும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் இறக்கை இரண்டும் ஒரே நீளம். அதை விரித்து வைத்து, இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"இனிமே மனசுல வச்சுக்காத" என்றேன். "கொற இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"சொன்னா கோவிப்ப."

"கோவிப்பேன். நீ சொல்லு."

கொக்கைக் கீழே வைத்தாள். "ரசத்துல புளி சாஸ்தி. மச்சான் பாவம், பேசாம ஊத்திக்கிறாரு."

எனக்குச் சுருக்கென்றது. "வேற?"

"காலையில அஞ்சு மணிக்கே பாத்திரத்தப் போட்டு உருட்டுற. மனுசன் தூங்க முடியல."

"வேற?"

அவள் கண் என் தோள் பக்கம் வந்து நின்றது. அங்கேயே நின்றது. "இந்த ஜாக்கெட்ட யார்ட்டக் குடுத்துத் தச்ச?"

தீபாவளிக்கு எடுத்த புடவைக்கு, அவளால் முடியாதே என்று, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் கொடுத்து வாங்கியது. அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று சொல்லாமலே போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் கடை என்று முனகினேன்.

"கைக்குழி இழுக்குது. தோளு ஒண்ணு ஏறிக் கெடக்கு, ஒண்ணு எறங்கிக் கெடக்கு. இதப் போட்டுக்கிட்டு ஆபீசுக்கு வேற போற. என் அக்கான்னு வெளிய சொல்லிராத." என் தோளில் துணியைக் கிள்ளிப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வலது கையால்தான் கிள்ளினாள். "கழட்டிக் குடு. தையலப் பிரிக்கிறத நீ செய், என் வெரலு அதுக்கு இன்னும் பத்தாது. தைக்கிறத நான் பாத்துக்கிறேன்."

"எதுலடி தைப்ப? மிஷினத்தான் நாளைக்குக் காலையில ஏத்தி விடப் போறியே" என்றேன்.

"மிஷினு இல்லாம எதுல தைக்கிறது, ஒன் தலையிலயா? போன எடு. அந்தப் புள்ளய வர வேணாம்னு சொல்லு."